பிவட் டேபிள்ல 321 மூட்டை கூடுதலா காட்டுது, எங்கே தப்பு?

நாற்றங்கால் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கத்துல சித்தப்பாவுக்கு நெல் கமிஷன் மண்டி. பி.காம் முடிச்சுட்டு மூணு மாசமா நான்தான் அங்க கம்ப்யூட்டர் பார்க்குறேன். இந்தக் குறுவைக்கு வந்த நெல்லை எல்லாம் எக்செல்ல ஏத்தியாச்சு, 318 வரி. நிரல்கள் இப்படி: பில் எண், தேதி, பேர், ஊர், ரகம், மூட்டை, கிலோ, ஈரப்பதம்.

ஆடிட்டர் ஊர்வாரியா, ரகவாரியா ஒரு சுருக்கம் கேட்டிருக்கார். சனிக்கிழமை கொடுத்தாகணும். யூடியூப் பார்த்து பிவட் (வரிகளை வகைவாரியா பிரிச்சுத் தானா கூட்டிக் காட்டுற அட்டவணை) போட்டேன். ஊரை வரிசைப் பக்கம், ரகத்தை நிரல் பக்கம், மூட்டையை மதிப்புப் பெட்டியில இழுத்து விட்டேன். முதல்ல 41, 63னு சின்னச் சின்ன எண்ணா வந்துச்சு. எண்ணிக்கையை எடுத்துட்டு கூட்டல்னு மாத்தினதும் சரியாயிடுச்சு. ஆனா மூணு குழப்பம்.

ஒண்ணு, மொத்தம் 7,163 காட்டுது. பில் புத்தகத்துல 6,842தான். 321 எங்கேயிருந்து வந்துச்சு?

ரெண்டு, எங்க ஊரே மூணு தடவை வருது:

நீடாமங்கலம் – 1,204
நீடாமங்கலம் – 310
நீடாமங்களம் – 96

மூணு, தேதியை மாசவாரியா குழுவாக்கப் பார்த்தா விடமாட்டேங்குது.

சித்தப்பா "புத்தகம் இருக்க இந்த வேலை எதுக்கு"ங்கிறார். மானத்தைக் காப்பாத்துங்க.

---

கணக்குப்பிள்ளை பேரன்

தம்பி, முதல்ல எண்ணிக்கையா வந்துச்சுன்னு சொன்னீங்களே, அதை ஏன் அப்படியே தாண்டிப் போனீங்க? துப்பு அங்கதான் கிடக்கு. ஒரு நிரல் முழுக்க எண்ணா இருந்தா எக்செல் தானாவே கூட்டலைப் போடும். எழுத்தோ, பழைய பதிப்புகள்ல வெற்றுக் கட்டமோ நடுவுல கலந்திருந்தாதான் எண்ணிக்கைக்குப் போகும். அதனால உங்க மூட்டை நிரல்ல எண் இல்லாத ஏதோ ஒண்ணு இருக்கு. கூட்டலுக்கு மாத்தினதும் அது சத்தமில்லாம பூஜ்யம் ஆயிடுச்சு.

மூட்டை நிரலுக்கு வடிகட்டி போட்டு, இறங்கு பட்டியலோட அடிக்குப் போய்ப் பாருங்க. எழுத்தா உள்ளதெல்லாம் எண்களுக்குக் கீழே ஒதுங்கி நிக்கும்.

ஊர் பேர்ல ரெண்டாவது நீடாமங்கலத்துக்கு வால்ல ஒரு இடைவெளி ஒட்டியிருக்கும். ஊருக்குப் பக்கத்துல உதவி நிரல் ஒண்ணு வச்சு டிரிம் (ஓரத்து இடைவெளியை நீக்குற சூத்திரம்) போடுங்க. வாட்ஸ்அப்ல இருந்தோ வெப் பக்கத்துல இருந்தோ ஒட்டினதா இருந்தா டிரிம்முக்கு அசையாத ஒரு இடைவெளி உண்டு (குறியெண் 160). அதை சப்ஸ்டிட்யூட் சூத்திரம் வச்சு எடுக்கணும். ல-ள தகராறுக்கு மருந்து கிடையாது, தேடி மாத்துறதுதான்.

---

அரசலாறு

நான் எதிர்க்கட்சி. 300 வரிக்கு பிவட் எதுக்கு? ஆடிட்டர் கொடுக்கிற படிவம் மாறவே மாறாது. ஊர் இடது பக்கம், ரகம் மேல. நடுவுல சம்இஃப்ஸ் (சொன்ன ஊர், ரகத்துக்கு ஒத்துவர்ற வரிகளை மட்டும் கூட்டுற சூத்திரம்) எழுதி இழுத்து விட்டா முடிஞ்சுது. புது வரி சேர்ந்தா தானாவே மாறும், புதுப்பி பட்டனைத் தேட வேண்டாம். பிவட்ல ஒரு புது ரகம் வந்தா அட்டவணையே அகலமாகிப் பக்கத்துல இருக்கிறதை முழுங்கிடும். குடவாசல்ல ஒரு உரக்கடைக்கு ஆறு வருஷமா சம்இஃப்ஸ்லயே ஓட்டுறேன், ஒரு நாள் தகராறு இல்லை.

---

கணக்குப்பிள்ளை பேரன்

அரசலாறு அண்ணே, உங்க முறையில இந்தப் பையன் சனிக்கிழமை நல்லா மாட்டிக்கிட்டிருப்பான். படிவத்துல அவன் 'நீடாமங்கலம்'னுதான் எழுதி வச்சிருப்பான். சம்இஃப்ஸ் அதுக்கு 1,204 கொடுத்துட்டு சும்மா இருந்திருக்கும். வால்ல இடைவெளி உள்ள 310, ள போட்ட 96, மொத்தம் 406 மூட்டை காத்துல போயிருக்கும். பிவட் அழுக்கை அழுக்காவே காட்டுச்சு, அதனாலதான் இப்ப இங்க வந்து கேக்குறான்.

நீங்க கேட்ட பெயருக்கு மட்டும்தான் சம்இஃப்ஸ் பதில் சொல்லும். பிவட்டுக்கு அந்த வரம்பு இல்லை, உள்ளே என்னென்ன பெயர் கிடக்குன்னு அதுவே எடுத்து விரிக்கும்.

---

அரசலாறு

அது நியாயம்தான், ஒத்துக்கிறேன். ஆனா நான் எப்பவும் அடியில ஒரு கட்டம் வைப்பேன்: மூலத்தோட மொத்தத்துல இருந்து படிவத்தோட மொத்தம் கழித்தல். பூஜ்யம் இல்லைன்னா சிவப்பாகும். அது இருந்தா 406 தப்பிச்சிருக்காது. அதை எழுதாம விட்டது என் தப்பு.

---

பழைய பேரேடு

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் 38 ஆண்டுகள் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். பேத்தி கற்றுக்கொடுத்துத்தான் எக்செல் பழகினேன். ஒன்று சொல்கிறேன், தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அந்தக் காலத்தில் நாள்வழி தனி, பேரேடு தனி. காலையிலிருந்து என்ன நடந்ததோ அது நடந்த வரிசையிலேயே நாள்வழியில் ஏறும். இரவு அதிலிருந்து பெயர்வாரியாகப் பிரித்துப் பேரேட்டுக்குக் கொண்டுபோவோம். ஒரு பக்கம் எவர்சில்வர், ஒரு பக்கம் பித்தளை, ஒரு பக்கம் பாக்கிதாரர். நீங்கள் சொல்லும் பிவட் என்பது பேரேட்டுப் பெயர்ப்புதான். என்ன, எங்களுக்கு இரவு பதினோரு மணி ஆகும், உங்களுக்கு இரண்டு சொடுக்கு.

ஆனால் நாள்வழிக்கு நடுவில் யாரும் கூட்டுத்தொகை எழுதமாட்டோம். பக்கத்தின் அடியில்தான் கூட்டு, அதுவும் கோடு போட்டு. தம்பி, உங்கள் 318 வரிக்கு நடுவில் எங்காவது 'மொத்தம்' என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதையும் ஒரு வண்டி நெல்லாகத்தான் அது எண்ணும்.

---

நாற்றங்கால்

ஐயா! இருக்கு! எனக்கு முன்னாடி இருந்த பையன் செப்டம்பர் மூணாவது வாரத்தோட அடியில ஊர் நிரல்ல 'மொத்தம்'னு அடிச்சு 412 போட்டிருக்கான். பிவட்ல அது 'முத்துப்பேட்டை'க்கு அடுத்து ஒரு ஊர் மாதிரி உக்காந்திருக்கு. நான் கவனிக்கவே இல்லை.

மூட்டை நிரலை வடிகட்டிப் பார்த்தேன். கீழே மூணு கிடைச்சுது: '38 மூ', '25மூட்டை', அப்பறம் '22' (இது எண் மாதிரியே இருக்கு, ஆனா இடது பக்கம் ஒட்டி நிக்குது). ஆக 85 மூட்டை கணக்குலயே வரலை. மூணையும் எண்ணா மாத்தினதும் 7,163 ஏறி 7,248 ஆச்சு. 'மொத்தம்' வரியை எடுத்ததும் 6,836.

இப்ப 6 மூட்டை குறையுது. முன்ன 321 கூடுதல், இப்ப 6 குறைச்சல். சிரிக்கிறதா அழறதான்னு தெரியலை.

---

கணக்குப்பிள்ளை பேரன்

பார்த்தீங்களா, 412 கூடி 85 குறைஞ்சு ரெண்டும் ஒண்ணை ஒண்ணு மறைச்சிருக்கு. 321ஐ மட்டும் வச்சுக்கிட்டு வித்தியாசத்தைத் தேடியிருந்தா விடிய விடிய உக்காந்தாலும் கிடைச்சிருக்காது.

ஆறுக்குச் செத்த பொறுங்க, முதல்ல தேதி. தேதியை வரிசைப் பக்கம் இழுத்துப் போட்டு என்ன வருதுன்னு அப்படியே எழுதுங்க.

---

நாற்றங்கால்

ஜனவரி 9, பிப்ரவரி 9, மார்ச் 9 ... இப்படியே டிசம்பர் 9 வரைக்கும். அப்பறம் ஜனவரி 10, பிப்ரவரி 10ன்னும் வருது. அதுக்கெல்லாம் கீழே 13/09/2025, 14/09/2025னு வேற மாதிரி.

நாங்க மார்ச்ல நெல்லே எடுக்கலையே?

---

அரசலாறு

அந்தக் கம்ப்யூட்டர்ல ஊர் அமைப்பு அமெரிக்கானு இருக்கு தம்பி. அங்க மாசம் முன்னாடி, நாள் பின்னாடி. நீங்க செப்டம்பர் 1ன்னு நினைச்சு 01/09 அடிக்கிறீங்க, அது ஜனவரி 9ன்னு வாங்கிக்குது. 12 தேதி வரைக்கும் இப்படிப் புரட்டிடும். 13ஆவது மாசம்னு ஒண்ணு இல்லாததால 13/09ஐத் தேதின்னே ஏத்துக்காம எழுத்தா விட்டுடும். அதனாலதான் குழுவாக்க விடமாட்டேங்குது. எல்லா மாசத்துலயும் 9ஆந்தேதி மட்டும் வரத்து இருந்தா அது செப்டம்பர். எல்லா மாசமும் 10ஆந்தேதின்னா அக்டோபர். கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லலாம்.

எழுத்தா நிக்கிறதை 'நிரல்களாகப் பிரி' வழியா நாள்-மாதம்-ஆண்டுன்னு சொல்லித் தேதியாக்கிடலாம். தேதி மாதிரி நல்லவனா நிக்கிறதுதான் விஷமம், அதுல மாசத்தையும் நாளையும் மாத்திப் போட்டு டேட் சூத்திரத்தால புதுசா கட்டணும். முதல்ல விண்டோஸ் அமைப்பை இந்தியாவுக்கு மாத்துங்க, இல்லைன்னா நாளைக்கு அடிக்கிறதும் இதே கதிதான்.

முடிச்சதும் பில் எண் வரிசையில அடுக்கிப் பாருங்க. தேதி கீழே போகப் போக ஏறிக்கிட்டே போகணும். எங்கேயாவது இறங்கினா அந்த வரியை வேற கம்ப்யூட்டர்ல சரியா அடிச்சு வச்சதை நீங்க புரட்டிட்டீங்கன்னு அர்த்தம்.

---

மடைத்தலைப்பு

இழையைக் கொஞ்சம் திருப்புறேன், மன்னிக்கணும். கோயில் நிலக் குத்தகைக் கணக்கு பார்க்கிறவன் நான். எங்களுக்கு எல்லாமே பசலிதான், ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. பிவட் குழுவாக்கத்துல ஆண்டு, காலாண்டு, மாதம்தான் வருது, எல்லாம் ஆங்கில வருஷம். ஒரே பசலி ரெண்டு துண்டா விழுது. இதுக்கு வழி இருக்கா?

---

கணக்குப்பிள்ளை பேரன்

இருக்கு, ஆனா பிவட்டுக்குள்ள தேடாதீங்க. மூலத்துல 'பசலி'ன்னு ஒரு நிரல் சேருங்க. தேதியோட ஆண்டுல இருந்து 590ஐக் கழிங்க. மாதம் 7க்குக் குறைவா இருந்தா இன்னும் 1 கழிங்க. 30-06-2025க்கு 1434 வரும், 01-07-2025க்கு 1435 வரும். இந்த ரெண்டு தேதியையும் போட்டுப் பார்த்துட்டுக் கீழே இழுங்க. அப்பறம் பசலியை வரிசைப் பக்கம் போட்டா முடிஞ்சுது. ஏப்ரல்-மார்ச் நிதியாண்டுக்கும் இதே வழிதான்.

வயல் கணக்குக்கு ஆங்கில வருஷம் ஒத்தே வராது. ஆவணியில விட்ட சம்பா தையில வீட்டுக்கு வரும். உழவுக்கூலி ஒரு வருஷத்துலயும் நெல் அடுத்த வருஷத்துலயும் விழுந்தா லாபம் எது, நட்டம் எது?

இன்னொண்ணு, மாதம்னு மட்டும் குழுவாக்கிட்டு ஆண்டைத் தேர்வு செய்யாம விட்டா எல்லா வருஷத்து ஜனவரியும் ஒரே ஜனவரியா கலந்துடும். நிறைய பேர் விழுற குழி இது.

---

மடைத்தலைப்பு

பசலி வந்துடுச்சு, கோடி நன்றி. இதே மாதிரி போகத்தையும் சூத்திரமா எழுதிடலாமா? ஆகஸ்ட் கடைசியில இருந்து அக்டோபர் வரைக்கும் வந்தா குறுவைன்னு?

---

வெண்ணாற்றங்கரை

வேண்டாங்க. மேட்டூரைத் திறக்கிற வழக்கம் ஜூன் 12. ஆனா 2022ல மே 24லயே திறந்தாங்க, 2024ல ஜூலை 28 ஆயிடுச்சு. ரெண்டு மாசம் முன்னப் பின்ன. போர்செட் வச்சிருக்கிறவங்க ஆத்துத் தண்ணிக்குக் காத்திருக்கிறதும் இல்லை. மாசத்தை வச்சுப் போகத்தைத் தீர்மானிச்சா ஒரு வருஷம் சரியா வரும், அடுத்த வருஷம் தாளடியைக் கொண்டுபோய் சம்பாவுல சேர்த்துடும். போகம்னு ஒரு நிரல் வச்சு, நெல்லு கொண்டு வர்றவர்கிட்டயே கேட்டு இறங்கு பட்டியல்ல இருந்து தேர்வு செஞ்சு ஏத்துங்க.

அந்த இறங்கு பட்டியல் ஊருக்கும் ரகத்துக்கும் கூட வேணும். ஏடிடி 43, ஏ.டி.டி.43, ஆடுதுறை 43, வெறும் 43னு நாலு விதமா அடிச்சா பிவட்டுக்கு அது நாலு ரகம். பெயர் நிரலுக்கு அது முடியாது, அங்கதான் தமிழ் தட்டச்சு வேலையைக் காட்டும். சௌந்தரம்னு ஒரு தடவை, செளந்தரம்னு ஒரு தடவை. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு. முதல்ல உள்ளது ஔகாரக் குறி, ரெண்டாவதுல உள்ளது ஒற்றைக்கொம்பும் ள எழுத்தும். எங்க உழவர் குழுவுல ஒரே அம்மா ரெண்டு உறுப்பினரா ஆகி, ஊக்கத்தொகைப் பட்டியல்ல தகராறு ஆச்சு. அதுல இருந்து பெயரை நம்புறதில்லை, உறுப்பினர் எண்தான்.

நாற்றங்கால் தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. மூட்டைன்னு கூட்டுறீங்களே, எல்லாம் 60 கிலோ மூட்டையா?

---

நாற்றங்கால்

பெரும்பாலும் 60தான் அண்ணே. சில பேர் கொள்முதல் நிலையத்துல ஈரம்னு திருப்பி அனுப்பின 40 கிலோ சிப்பத்தை அப்படியே கொண்டு வருவாங்க. அதையும் மூட்டைன்னுதான் ஏத்தியிருக்கோம்.

---

வெண்ணாற்றங்கரை

அப்ப ஆடிட்டருக்கு மூட்டையைக் கொடுக்காதீங்க, கிலோவைக் கொடுங்க. 100 மூட்டைன்னா 60 குவிண்டால், 100 சிப்பம்னா 40 குவிண்டால். புத்தகத்தோட ஒத்துப் பார்க்க மட்டும் மூட்டையை வச்சுக்கோங்க.

ஈரப்பதத்தை மதிப்புப் பெட்டியில போட்டு சராசரி எடுத்திருக்கீங்களா? எடுத்திருந்தா அழிச்சிடுங்க. 10 மூட்டை 21 சதவீதத்துல ஒருத்தர், 400 மூட்டை 16 சதவீதத்துல இன்னொருத்தர்னு வைங்க. பிவட் சராசரி 18.5ன்னு சொல்லும், ஏன்னா அதுக்கு ரெண்டும் ஒவ்வொரு வரி, அவ்வளவுதான். உண்மையில குவியல்ல உள்ள ஈரம் 16.1. நிலையத்துல 17 வரைக்கும்தான் எடுப்பாங்கன்னு இருக்கிறப்ப, நல்ல நெல்லை ஈர நெல்லுன்னு நாமளே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும்.

மூலத்துல 'கிலோஈரம்'னு ஒரு நிரல் வச்சு கிலோவையும் ஈரத்தையும் வரி வரியா பெருக்குங்க. பிவட்ல கணக்கிடும் புலம்னு ஒண்ணு போட்டு, கிலோஈரத்தை கிலோவால வகுங்க. அந்தப் புலம் முதல்ல கூட்டிட்டு அப்பறம்தான் வகுக்கும், அதனால ஊர் மொத்தமும் சரி, பெரிய மொத்தமும் சரி, ஒழுங்கா வரும். பெருக்கலையும் அந்தப் புலத்துக்குள்ளயே செய்யலாம்னு சோம்பல் பட்டீங்கன்னா, கூட்டின கிலோவையும் கூட்டின ஈரத்தையும் பெருக்கி யானை எண்ணா கொடுக்கும்.

---

சைக்கிள் டயர்

எங்ககிட்ட லிப்ரே ஆபீஸ்தான். இதெல்லாம் அதுல உண்டா?

---

அரசலாறு

உண்டு, தரவு மெனுவுல பிவட் டேபிள். பழைய பதிப்புகள்ல டேட்டாபைலட்னு பேர். ஆனா கணக்கிடும் புலம் அதுல கிடையாது, வகுத்தலைப் பக்கத்துக் கட்டத்துல நீங்களே எழுதிக்கணும். கூகுள் ஷீட்ஸ்லயும் பிவட் இருக்கு, அதுல புதுப்பிக்கிற தொல்லை இல்லை, தானா மாறிடும். எக்செல்லயும் லிப்ரே ஆபீஸ்லயும் வலது சொடுக்கு, புதுப்பி. எக்செல்ல மூலத்தை கன்ட்ரோல்-டி போட்டு டேபிளா மாத்திட்டுப் பிவட் போட்டா புது வரிகளும் உள்ளே வரும். இல்லைன்னா பழைய 318லயே நிக்கும்.

(பிவட்டுக்கு நானே சொல்லித் தர்ற நிலைமை வந்துடுச்சு.)

---

பழைய பேரேடு

இந்தப் பிவட் எப்போது வந்தது? என் பேத்திக்குத் தெரியவில்லை.

---

கணக்குப்பிள்ளை பேரன்

ஐயா, 1991ல நெக்ஸ்ட் கணினிக்கு லோட்டஸ் இம்ப்ரூவ்னு ஒரு மென்பொருள் வந்தது, புலங்களை இழுத்துப் போட்டு அட்டவணையைத் திருப்புற யோசனை அதுல இருந்துது. 1993ல வந்த எக்செல் 5ல பிவட் டேபிள்ங்கிற பேரோட நுழைஞ்சுது. நீங்க சொன்ன பேரேடு அதுக்கெல்லாம் பாட்டன்.

---

வெண்ணாற்றங்கரை

தம்பி ஆடிட்டருக்கு அனுப்புறதுக்கு முன்னாடி என் கதையையும் கேட்டுக்கட்டும். உழவர் குழு ஒண்ணுல இருந்தப்ப, நெல் வாங்க வந்த ஒரு வெளியூர் வியாபாரிக்கு ஊர்வாரிச் சுருக்கத்தை மெயில்ல அனுப்பினேன். புத்திசாலித்தனமா மூலத் தாளை அழிச்சுட்டு, பிவட் தாளை மட்டும் விட்டு வச்சேன். அரை மணி நேரத்துல போன். "சார், உங்க ஆளுங்க எல்லாரோட வங்கிக் கணக்கு எண்ணும் போன் நம்பரும் எனக்கு எதுக்கு?"

அவர் பெரிய மொத்தத்து மேல இருமுறை சொடுக்கியிருக்கார். பிவட் மூலத்தோட நகலைத் தனக்குள்ளயே வச்சிருக்கும். சொடுக்கினதும் அத்தனை வரியும் புதுத் தாளா விரிஞ்சிருக்கு. அவர் நல்ல மனுஷன், அழிச்சுட்டேன்னு சொன்னார். எனக்கு அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கலை.

வெளியே போறதா இருந்தா பிவட்டை நகலெடுத்து, மதிப்புகளை மட்டும் வேற புதுக் கோப்புல ஒட்டி, அதை அனுப்புங்க.

---

கணக்குப்பிள்ளை பேரன்

அதே இருமுறை சொடுக்குதான் இப்ப நாற்றங்காலுக்கு மருந்து. தம்பி, மூலத்துல 'பில் பக்கம்'னு ஒரு நிரல் சேர்த்து, எந்த வரி புத்தகத்துல எந்தப் பக்கம்னு போடுங்க. பிவட்ல பக்கத்தை வரிசையில வச்சு மூட்டையைக் கூட்டுங்க. புத்தகத்தை எடுத்து வச்சுக்கிட்டு ஒவ்வொரு பக்கத்து அடிக் கூட்டையும் ஒத்துப் பாருங்க. எங்க இடிக்குதோ அந்த எண்ணை இருமுறை சொடுக்குங்க, அந்தப் பக்கத்து வரிகள் மட்டும் விரியும்.

---

நாற்றங்கால்

ராத்திரி 11:40. முடிஞ்சுது.

ஊர் பேரெல்லாம் டிரிம் போட்டுச் சரி பண்ணிட்டேன், நீடாமங்கலம் இப்ப ஒரே வரி, 1,610. வடிகட்டிப் பட்டியல்ல மட்டும் பழைய 'நீடாமங்களம்' இன்னும் எட்டிப் பார்த்துச்சு. பிவட் விருப்பங்கள்ல, அழிஞ்ச உருப்படிகளை வச்சிருக்கிற இடத்துல 'எதுவும் இல்லை'ன்னு போட்டுப் புதுப்பிச்சதும் போயிடுச்சு. தேதி எல்லாம் செப்டம்பர், அக்டோபர் ரெண்டே மாசத்துல அடங்கிடுச்சு, பில் எண்ணோட ஏறுமுகமாத்தான் போகுது. ஈரப்பதத்தை வெண்ணாற்றங்கரை அண்ணன் சொன்ன மாதிரி மாத்தினேன், 18.2 இருந்தது 16.7க்கு இறங்கிடுச்சு.

அந்த 6 மூட்டை. பக்கம் பக்கமா ஒத்துப் பார்த்தேன். 17 பக்கம் சரியா வந்துச்சு. 18ஆம் பக்கத்துல பிவட் 184 சொல்லுது, புத்தகத்துல 190 எழுதி அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோயிருக்கு. 184ஐச் சொடுக்கி, விரிஞ்ச ஒன்பது வரியையும் பில்லோட வச்சு ஒண்ணொண்ணா டிக் அடிச்சேன். ஒன்பதும் சரி. கால்குலேட்டர்ல மூணு தடவை கூட்டினேன். 184தான்.

புத்தகத்தைக் கூட்டினது சித்தப்பா.

---

அரசலாறு

சொல்லிட்டீங்களா?

---

நாற்றங்கால்

சனிக்கிழமை ஆடிட்டர் வர்றப்ப அவரே பார்த்துக் கேக்கட்டும்னு விட்டுட்டேன் அண்ணே. 18ஆம் பக்கத்துல ஒரு பென்சில் குறி மட்டும் போட்டு வச்சிருக்கேன்.